"ஒருக்கா உள்ளே பார்க்க வேணும்" என்று டொக்டர் சொன்னால்

வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் எட்டு மாதமாக மூலத்துக்குக் களிம்பு வாங்கிப் பூசிய ஆள் நான். மூலம் என்று யார் சொன்னது என்று கேட்டால், நானேதான். வெளிக்குப் போகும்போது நொந்தது, இரத்தம் பட்டது, அப்பாவுக்கும் மூல வருத்தம் இருந்தது, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? கடைசியில் மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு சேர்ஜனைச் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டி நேரம் எடுத்து, போனேன். அவர் சரிந்து படுக்கச் சொல்லி, அரை நிமிடம் பார்த்துவிட்டு, "இது மூலமில்லை தம்பி, வெடிப்பு" என்றார். அவ்வளவுதான். எட்டு மாதம் பூசியது எல்லாம் வீண்.

எட்டு மாதம் ஏன் போகவில்லை என்றால், வெட்கம் பாதி, நோகும் என்ற பயம் பாதி. உள்ளே என்ன செய்வார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே, போன ஆள் என்ற முறையில் எழுதி வைக்கிறேன். நான் டொக்டர் இல்லை. எனக்கு நடந்ததும், டொக்டரிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதும்தான் இது.

அந்த இடத்தில் நோ, அரிப்பு, இரத்தம், ஏதோ தட்டுப்படுகிறது, இருந்து எழும்ப முடியவில்லை, எதுவாக இருந்தாலும் நம் ஆட்களிடம் அதற்கு ஒரே பெயர்தான், மூலம். உண்மையில் அது மூலமாக இருக்கலாம், என்னைப் போல வெடிப்பாக இருக்கலாம், பவுத்திரமாக இருக்கலாம், சீழ்க்கட்டியாக இருக்கலாம், உள்ளே வளர்ந்த ஒரு சிறு சதையாக இருக்கலாம், சிலருக்குப் புற்றுநோயாகவும் இருக்கலாம். கதையை மட்டும் கேட்டு இவற்றைப் பிரித்துச் சொல்ல எவ்வளவு கெட்டிக்கார டொக்டராலும் முடியாது. பார்த்தால்தான் தெரியும். ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே ஒருவர் "மூலம்தான்" என்று மருந்து எழுதித் தந்தால், "ஒருக்கா பார்க்கிறீங்களா டொக்டர்" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

கொழும்பில் எங்கே போவது? காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் பெரியாஸ்பத்திரி, அதாவது தேசிய வைத்தியசாலை இருக்கிறது. தெகிவளை, கல்கிசைப் பக்கத்து ஆட்களுக்குக் களுபோவில ஆஸ்பத்திரி கிட்ட. காலையிலேயே ஓபீடியில் காட்டினால் தேவைப்பட்டால் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குத் துண்டு தருவார்கள். அடையாள அட்டையும், பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். காத்திருக்க வேண்டிவரும், ஆனால் பரிசோதனை அதே பரிசோதனைதான், பார்ப்பவரும் பல நேரங்களில் பின்னேரம் தனியாரில் இருக்கும் அதே ஆள்தான். தனியாரில் என்றால் சேர்ஜனைச் சனல் பண்ணும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "உள்ளே குழாய் வைத்துப் பார்க்கிற வசதி அந்த அறையிலேயே இருக்கா, வேறு நாள் வர வேணுமா?" எல்லா அறையிலும் அந்தச் சாமான் இருக்காது. டொக்டர் காசு, ஆஸ்பத்திரிக் காசு என்பதற்கு மேலே இந்தப் பரிசோதனைக்குத் தனியாக பில் வருமா என்பதையும் அப்போதே கேட்டுவிட்டால், பிறகு கவுண்டரில் நின்று முழிக்கத் தேவையில்லை.

போகுமுன் என்ன செய்ய வேண்டும் என்றால், பெரிதாக ஒன்றுமில்லை. பட்டினி கிடக்க வேண்டாம். இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டே போகலாம். புறப்படுமுன் ஒருமுறை வெளிக்குப் போய்விட்டு, வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவுவது, வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று சவர்க்காரத் தண்ணீரை உள்ளே ஏற்றுவது எல்லாம் செய்யாதீர்கள். உட்தோல் எரிந்து சிவந்துபோனால் டொக்டர் பார்ப்பது உங்கள் வருத்தத்தை அல்ல, உங்கள் சவர்க்காரத்தை. மலம் அடைத்துக்கொண்டிருந்தால் அங்கேயே ஒரு குளிசையைப் பின்வழியாக வைத்தோ, சின்ன எனிமா கொடுத்தோ கழிக்கச் செய்வார்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் எனிமா என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பொஸ்பேட் எனிமா அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

உடுப்பு விசயம் கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அங்கே போனால் தெரியும். இறுக்கமான ஜீன்ஸோடு போய் அந்தக் குட்டித் திரைக்குப் பின்னால் ஒற்றைக் காலில் துள்ளியது நான். கழற்றச் சுகமான எதையாவது போடுங்கள். சாரம் கட்டிப் போகிற ஆண்களுக்கும் பாவாடை போட்ட பெண்களுக்கும் இந்த விசயத்தில் பெரிய வசதி, முழுதாகக் கழற்றவே தேவையில்லை, தூக்கினால் போதும். கைப்பையில் கொஞ்சம் டிசுவும், மாதவிடாய்க்குப் பாவிக்கிற பட்டி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி முக்கியமான பகுதி. படுப்பதற்கு முன் நடக்கும் கதை. அந்த ஐந்து நிமிடத்தில் வெட்கப்பட்டுப் பாதியை விழுங்கினால், உள்ளே பார்ப்பதன் பயன் பாதியாகிவிடும். இரத்தம் என்ன நிறம், பளிச்சென்ற சிவப்பா, கருஞ்சிவப்பா, தார் மாதிரிக் கறுப்பா? மலத்தின் மேலே பட்டிருந்ததா, மலத்தோடு கலந்திருந்ததா, கழித்து முடிந்த பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்ததா? நோ கழிக்கும்போது மட்டுமா, அதற்குப் பிறகும் மணிக்கணக்காகவா? ஏதாவது வெளியே தள்ளுகிறதா, தானாக உள்ளே போகிறதா, கையால் தள்ள வேண்டியிருக்கிறதா? முன்பு ஒருநாளைக்கு ஒருமுறை போனவர் இப்போது நாலு முறை போகிறீர்களா? போய்விட்டு வந்த பிறகும் இன்னும் இருக்கிற மாதிரியே இருக்கிறதா? இதெல்லாம் முதல்நாளே ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பீற்றூட் சாப்பிட்டாலும் மலம் சிவக்கும், இரும்புச் சத்துக் குளிசை எடுத்தாலும் கறுக்கும், அவற்றையும் சொல்லிவிடுங்கள், வீண் பயம் குறையும். இரத்தம் உறையாமல் இருக்க வோபரின், குளோபிடோகிரெல் போன்ற குளிசை எடுப்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், ஆனால் நீங்களாக நிறுத்திவிட்டுப் போகக்கூடாது. பின்வழியில் உடலுறவு உண்டா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், அவர் வருத்தத்தைத் தேடுகிறார், குற்றத்தை அல்ல.

சரி, படுக்கச் சொல்லிவிட்டார். சிங்களம் அவ்வளவாக வராதவர்களுக்கு ஒரு சின்ன உதவி. "வம் பெத்தட்ட ஹெரென்ன" என்றால் இடப்பக்கம் திரும்பிப் படுங்கள். "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை இழுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டே இரண்டு: "ரிதெனவா", நோகுது, "பொட்டக் இன்ன", கொஞ்சம் பொறுங்கள். இரண்டாவதை நீங்கள் பஸ்ஸில் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள், இங்கேயும் அதே அர்த்தம்தான்.

இடப்பக்கமாகச் சரிந்து, முழங்கால்கள் இரண்டையும் நெஞ்சை நோக்கி மடக்கி, பின்பக்கம் கட்டிலின் விளிம்புக்கு வரும்படி படுக்க வேண்டும். முகம் சுவரைப் பார்க்கும். இது பெரிய நிம்மதி, டொக்டரின் முகத்தை நீங்கள் பார்க்கத் தேவையே இல்லை. மேலே ஒரு துணி போர்த்துவார்கள். பெண்ணை ஆண் டொக்டர் பார்க்கும்போது மிஸ்ஸி, அதாவது தாதி ஒருவர் கூட நிற்பது வழமை, நிற்கவில்லை என்றால் கேளுங்கள். என் பெரியம்மாவைக் கூட்டிப்போன நாளில் அவ "ஆம்பிளை டொக்டர் எண்டால் நான் வரமாட்டன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டா, பிறகு ஒரு மிஸ்ஸி வந்து கையைப் பிடித்துக்கொண்டு நின்றதில்தான் காரியம் நடந்தது. தேசிய வைத்தியசாலை மாதிரிப் படிப்பிக்கும் ஆஸ்பத்திரிகளில் மருத்துவ மாணவர்களும் நிற்கலாம். அவர்கள் படிக்கத்தான் வேண்டும், ஆனாலும் உங்களுக்குச் சங்கடம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

முதலில் கண்ணால் மட்டும் பார்ப்பார். இரண்டு பக்கத்தையும் மெல்ல விலக்கி, வெளித்தோலில் வீக்கம், துளை, வெடிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மலம் கழிப்பதைப் போல முக்கச் சொல்லலாம். என் கதை இங்கேயே முடிந்துவிட்டது. வெடிப்பு பெரும்பாலும் பின்பக்க நடுவில்தான் இருக்கும், விலக்கினாலே தெரிந்துவிடும். தெரிந்தால் அதற்குமேல் விரலோ குழாயோ வைக்காமல் நிறுத்திவிடுவது நல்ல டொக்டரின் அடையாளம், ஏனென்றால் அந்த நேரத்தில் தொட்டால் கண்ணில் பூச்சி பறக்கும். முதலில் ஆற மருந்து, ஆறிய பிறகு மிச்சப் பரிசோதனை. ஆகவே போய்க் கழிக்கும்போது கண்ணாடித் துண்டு வெட்டுகிற மாதிரி நோ இருந்தால், படுப்பதற்கு முன்னமே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது விரல். கையுறை போட்டு, ஜெல் தடவி, முதலில் வாசலில் விரலை வைத்துச் சற்று அழுத்திக்கொண்டிருப்பார். ஜெல் சில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் எல்லோரும் செய்யும் தவறு மூச்சை அடக்கிக்கொண்டு இறுக்குவதுதான். இறுக்கினால் நோகும். வாயைத் திறந்து மெதுவாக மூச்சை வெளியே விட்டால் தசை தானாகத் தளரும், விரல் போனதே தெரியாமல் போகும் என்று சொல்லமாட்டேன், தெரியும், ஆனால் அழுத்தம்தான், நோவு இல்லை. வெளிக்கு வருகிற மாதிரி ஒரு உணர்வு வரும். வந்துவிடாது. எல்லோருக்கும் அப்படித்தான், டொக்டருக்கும் அது தெரியும். உள்ளே விரலை ஒரு சுற்றுச் சுற்றித் தடவிப் பார்ப்பார், "இறுக்குங்கோ" என்று சொல்லி தசையின் பலத்தைப் பார்ப்பார். ஆண்களுக்கு முன்பக்கமாக அழுத்தும்போது சலம் (சிறுநீர்) வருகிற மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், அங்கே இருப்பது புரொஸ்டேட் சுரப்பி, அதையும் சேர்த்தே பார்த்துவிடுகிறார். விரலை எடுத்தவுடன் கையுறையில் இரத்தம் இருக்கிறதா, மலம் என்ன நிறம் என்று பார்ப்பார். முழுதும் ஒரு நிமிடம்கூட இல்லை.

விரல் மட்டும் போதாதா என்று நானும் கேட்டேன். போதாது. விரலுக்குத் தட்டுப்படுவது கட்டியானவை. உள்மூலம் என்பது புடைத்த இரத்த நாளங்களின் மெத்தை, அழுத்தினால் அமுங்கிவிடும், விரலுக்கு அநேகமாகப் பிடிபடாது. அதைக் கண்ணால்தான் காண வேண்டும். இதற்குத்தான் புரொக்டோஸ்கோப் என்ற குழாய். பெயரைக் கேட்டு வியர்க்க வேண்டாம். கைவிரல் நீளத்தைவிடச் சற்றுக் கூடிய, பிளாஸ்டிக்கிலோ உலோகத்திலோ செய்த ஒரு குட்டிக் குழாய், நுனி கூராக இல்லாமல் உருண்டையான ஒரு அடைப்போடு இருக்கும். ஜெல் பூசி உள்ளே விட்டதும் அடைப்பை வெளியே எடுத்துவிட்டு, லைட் அடித்து, குழாயை மெல்ல மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே பார்ப்பார். பார்ப்பது உள்ளே போகும்போது அல்ல, வெளியே வரும்போதுதான். "முக்குங்கோ" என்று அவர் சொல்லும்போது முக்கினால் மூலம் இருந்தால் புடைத்துக்கொண்டு குழாய்க்குள் எட்டிப் பார்க்கும். இந்த நேரத்தில் காற்றுப் பிரியலாம். பிரியட்டும். அவர் அந்த அறையில் ஒரு நாளைக்கு எத்தனை பேருடையதைக் கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

நோகாதா? இதற்கு ஒரு காரணத்தோடு பதில் இருக்கிறது. வாசலிலிருந்து ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் உள்ளே ஒரு எல்லைக் கோடு இருக்கிறது. அதற்குக் கீழே நம் வெளித்தோலைப் போலவே ஊசி குத்தினால் துடிக்கும் இடம். மேலே குடலின் இடம், அங்கே அழுத்தமும் நிறைந்த உணர்வும் தெரியும், வெட்டும் நோவு தெரியாது. உள்மூலம் இரத்தம் கொட்டினாலும் நோகாமல் இருப்பதும், ஒரு சின்ன வெடிப்பு ஆளை அழ வைப்பதும் இதனால்தான். இதே காரணத்தால் நோ இல்லை, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று நினைப்பதும் பிழை. மலக்குடலில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகவே நோகாது.

சிலருக்கு அடுத்த படியாக சிக்மொய்டோஸ்கோப் என்ற, இன்னும் நீளமான குழாயை வைக்கலாம். வளையாத வகை 25 சென்ரிமீற்றர் நீளம், கிளினிக்கிலேயே பார்த்துவிடுவார்கள். வளையும் வகை 60 சென்ரிமீற்றர் அளவு, அதற்கு முன்னதாக எனிமா வேண்டும். இரண்டிலும் குடலை விரிக்கக் காற்று ஊதுவார்கள், வயிறு ஊதி இழுத்துப் பிடிப்பது அதனால்தான், வெளியே விட்டால் சரியாகிவிடும். சந்தேகமான இடத்தில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், மேலே சொன்ன கோட்டுக்கு மேலே என்றால் எடுத்ததே தெரியாது.

மூலம் என்று கண்டுபிடித்தால் அதே இருப்பில் ரப்பர் வளையம் போட்டுவிடலாமா என்று கேட்பார்கள். மூலத்தின் அடியில் குட்டி வளையத்தை இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று சில நாட்களில் அது கருகி விழுந்துவிடும். யோசிக்க நேரம் வேண்டும் என்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. போட்டுக்கொண்டால் ஓரிரு நாள் பாரமாக, மந்தமாக நோ இருக்கும். ஆனால் போட்ட கணத்திலேயே சுள்ளென்று கடுமையாக வலித்தால் பல்லைக் கடிக்காதீர்கள், உடனே சொல்லுங்கள், வளையம் அந்தக் கோட்டுக்குக் கிட்ட இறங்கிவிட்டது என்று அர்த்தம், அப்போதே எடுத்துவிடலாம். ஒரு கிழமை, பத்து நாள் கழித்து வளையம் விழும்போது கொஞ்சம் இரத்தம் படும். நிற்காமல் கொட்டினால், காய்ச்சல் வந்தால், சலம் போக முடியாவிட்டால், நோ குறையாமல் கூடிக்கொண்டே போனால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழும்பவே முடியாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலவசம்.

முடிந்ததும் துள்ளி எழும்பாதீர்கள். சிலருக்கு அந்த இடத்தைத் தொட்டாலே நாடித் துடிப்பு இறங்கித் தலை சுற்றும், எனக்குப் பின்னால் இருந்த ஒரு பலசாலி இளைஞர் திரைக்கு வெளியே வந்து கதிரையில் இருந்தபடியே சாய்ந்துவிட்டார். ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் இருந்து, பிறகு இறங்குங்கள். ஜெல் மிச்சம் வழியும், ஏதோ கசிந்துவிட்டதோ என்று தோன்றும். டிசுவும் பட்டியும் இதற்குத்தான். அடுத்த தடவை வெளிக்குப் போகும்போது ஒன்றிரண்டு சொட்டு இரத்தம் பட்டாலும் கவலை வேண்டாம். மயக்க மருந்து எதுவும் தராதபடியால் அப்படியே காலி வீதியில் 100-ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வரலாம், ஆனால் வளையம் போட்டிருந்தால் ஓட்டோ பிடியுங்கள், அதில்கூட ஒரு பக்கமாகச் சரிந்துதான் இருப்பீர்கள்.

காற்சட்டையை இழுத்துப் போட்டவுடன் ஓடி வந்துவிடாமல் கேட்க வேண்டியது: என்ன கண்டீர்கள், எவ்வளவு தூரம் உள்ளே பார்த்தீர்கள், அதற்கு மேலேயும் பார்க்க வேண்டுமா? கடைசிக் கேள்விதான் ஆட்கள் மறப்பது. புரொக்டோஸ்கோப் பார்ப்பது கடைசிச் சில சென்ரிமீற்றர் மட்டும், அதற்கு மேலே ஒன்றரை மீற்றர் அளவில் பெருங்குடல் இருக்கிறது. கீழே மூலம் இருக்கிறது என்பதால் மேலே ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். மலத்தோடு கலந்த கருஞ்சிவப்பு இரத்தம், கிழமைக் கணக்காக மாறிப்போன மலப்பழக்கம், காரணமில்லாமல் உடம்பு மெலிதல், இரத்தசோகை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலோ 50 தாண்டியவருக்குப் புதிதாக இரத்தம் போனாலோ கொலனோஸ்கோபி, அதாவது பெருங்குடல் முழுவதையும் கமரா வைத்துப் பார்க்கும் பரிசோதனை, வேண்டுமா என்று நீங்களாகவே கேளுங்கள். பெரியம்மாவுக்கு அப்படித்தான் கேட்டோம். மூலமும் இருந்தது, மேலே ஒரு பொலிப்பும், அதாவது சிறு சதை வளர்ச்சியும் இருந்தது, கொலனோஸ்கோபி செய்த அன்றே அதை வெட்டி எடுத்தார்கள்.

என் வெடிப்புக்கு ஒரு களிம்பும், மலத்தை இளக்கும் பாணியும் தந்து, பேசினில் இளஞ்சூட்டு வெந்நீர் விட்டு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கச் சொன்னார்கள். ஆறு கிழமை கழித்துத் திரும்பவும் போனபோதுதான் விரலும் குழாயும். முதல் தடவை ஜீன்ஸ், இரண்டாம் தடவை சாரம். துணுக்கு எதுவும் எடுத்திருந்தால் ரிப்போட் எப்போது, எந்தக் கவுண்டரில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களாகக் கோல் எடுப்பார்கள் என்று வீட்டில் இருக்காதீர்கள். வந்த ரிப்போட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல், அதே டொக்டரிடம் கொண்டுபோய் வாசிக்கக் கொடுங்கள்.